மேதைகளுக்கு நடுவே ஜாக்

பத்து வயதில் நான்கு மொழி பேசும் பிள்ளையை மேதை என்று வியக்கும் வழக்கம் ஆங்கிலச் சிறார் சாகசக் கதைகளில் உண்டு. பெங்களூருவின் லிங்கராஜபுரத்தில் அவ்வழக்கம் இல்லை. அங்கு வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழிலும், மளிகைக் கடையில் கன்னடத்திலும், வகுப்பறையில் ஆங்கிலத்திலும், மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தக்கணி உருதுவிலும் பேசி முடித்துவிட்டு, மாலையில் கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்காக வசை வாங்கிக்கொண்டிருக்கும். அதன் நான்கு மொழிகளையும் யாரும் எண்ணுவதில்லை. கன்டோன்மென்ட்டை ஒட்டிய அந்தத் தெருக்களில் அது மூச்சு விடுவதைப் போன்ற இயல்பான காரியம். அதே பிள்ளையின் கையில் ‘இளம் மேதைகள் உலகைக் காக்கும்’ கதைநூல் ஒன்று வந்து சேர்ந்தால், அதில் தன்னை எங்கே கண்டுகொள்ளும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இவ்வகைக்கு நல்ல மாதிரி, பில் நையும் கிரெகரி மோனும் சேர்ந்து எழுதிய ‘ஜாக் அண்ட் த ஜீனியசஸ்’ தொடர். நை, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1993 முதல் 1998 வரை நடந்த ‘பில் நை த சயின்ஸ் கை’ நிகழ்ச்சியால் அறியப்பட்டவர். அதற்கு முன் போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். தொடரின் முதலிரு நூல்கள் 2017-இலும் மூன்றாவது 2018-இலும் வெளிவந்தன. நியூயார்க்கில் பெற்றோர் இன்றி ஒன்றாக வாழும் மூன்று பிள்ளைகள்: எந்திரங்களைக் கட்டும் ஆவா, வானியலில் ஊறிய மேட், தனித்திறன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத ஜாக். ஹாங்க் என்ற விஞ்ஞானி இவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார். முதல் நூல் அண்டார்க்டிகாவில் நடக்கிறது. தூய குடிநீருக்கு வழி காண்போருக்கான ஒரு பரிசுப் போட்டி, காணாமற்போன ஓர் ஆய்வாளர், பனி. இரண்டாவது ஹவாயில், கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை யாரோ கெடுக்கிறார்கள். மூன்றாவது அமேசான் காட்டில். இம்முறை காணாமற்போனவர் ஹாங்கே.

தண்ணீர், ஆற்றல், காடு. உலகின் மூன்று பெரிய கவலைகளை மூன்று நூல்களில் அடக்கிய இத்தொடரைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அறிவியல் பிழையின்றி இருக்கிறது, கதை ஓடுகிறது, சோதனைகள் தோற்கின்றன, பிறகு திருத்தப்படுகின்றன. ஆனாலும் அட்டையில் ‘மேதைகள்’ என்று அச்சிட்டவர்களே, கதையை ஒரு மேதையின் வாயால் சொல்லத் துணியவில்லை. சொல்பவன் ஜாக். அண்ணனும் சகோதரியும் தாவிச் செல்லும் இடத்தில் அவன் நின்று, “அது எப்படி?” என்று கேட்கிறான். அவன் கேட்பதால்தான் அவர்கள் விளக்குகிறார்கள். அவர்கள் விளக்குவதால்தான் படிக்கும் பிள்ளைக்குப் புரிகிறது. ஆட்களைக் கவனிப்பதும், யார் பொய் சொல்கிறார் என்று மோப்பம் பிடிப்பதும் அவன் வேலை. தொடரின் உயிர் அவனிடம் இருக்கிறது. விற்பதற்கு மட்டும் மேதைகள் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. எரிக் கேஸ்ட்னர் 1929-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ கதையில் ஒரு மேதைகூடக் கிடையாது. தாய் கொடுத்தனுப்பிய பணத்தை ரயிலில் பறிகொடுத்த எமிலுக்காக, பெர்லின் தெருப் பிள்ளைகள் கூட்டமாகத் திரண்டு திருடனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவன் தொலைபேசி அருகே காவல் இருக்கிறான். வெளியே ஓடிச் சாகசம் செய்ய முடியவில்லையே என்ற வருத்தத்தோடு வீட்டிலேயே உட்கார்ந்து தன் கடமையைச் செய்கிறான். பணம் தன்னுடையதுதான் என்று எமில் நிறுவுவதும் நுண்ணறிவால் அன்று. நோட்டுகள் தொலையாமலிருக்கக் குண்டூசியால் சட்டை உட்புறத்தில் குத்தி வைத்திருந்தான்; அந்தத் துளைகளே சாட்சி. ஏழைத் தாயின் மகனுக்கு இருக்கும் பயம், துப்பாக மாறிவிடுகிறது.

1942-இல் எனிட் பிளைட்டன் ‘ஃபேமஸ் ஃபைவ்’ தொடரைத் தொடங்கியபோது விஞ்ஞானி வந்துவிட்டார். ஆனால் அவர் குவென்டின் மாமா. கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ச்சி செய்வார். பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுவார். பிள்ளைகளின் சாகசம் அந்தக் கதவுக்கு வெளியே நடந்தது. இன்றைய தொடர்களில் கதவு திறந்து, பிள்ளைகளே உள்ளே போய் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். இது முன்னேற்றம்தான். இழந்தது ஒன்றும் உண்டு: கூட்டம். நூறு சாதாரணப் பிள்ளைகள் செய்த வேலையை இப்போது இரண்டு அசாதாரணப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

தமிழில் கதை வேறு. வாண்டுமாமா என்ற பெயரில் மூன்று தலைமுறைச் சிறுவர்களைக் கட்டிப்போட்ட வி. கிருஷ்ணமூர்த்தி, ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ இதழ்களில் பணியாற்றியவர், 2014-இல் மறைந்தார். அவர் படைத்த பலே பாலுவும் காட்டுச் சிறுவன் கந்தனும் துணிச்சல்காரர்கள், குறும்பர்கள், சில வேளை அசடர்கள். மேதைகள் அல்லர். அறிவியலை அவர் தனி நூல்களாக எழுதினார். சாகசத்தைத் தனியாக எழுதினார். இரண்டையும் ஒரே பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்க அவர் அவசரப்படவில்லை.

தமிழ்ச் சிறார் எழுத்தில் மேதை யார் என்று தேடினால் கிடைக்கும் முதல் பெயர் ஆயிஷா. இரா. நடராசனின் புகழ்பெற்ற குறுநாவலின் நாயகி. ஓர் அறிவியல் ஆசிரியை தம் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்த கதை அது. கேள்வி கேட்டதற்காகவே அடிவாங்கும் அச்சிறுமி, அடி வலிக்காமல் இருக்கத் தானே ஒரு மருந்தைச் செலுத்திக்கொண்டு இறந்துபோகிறாள். பள்ளி ஆசிரியர்களிடையே கைக்குக் கை மாறிச் சிறு வெளியீடாகப் பரவிய அக்கதையைப் படித்து அழாத ஆசிரியர் குறைவு. நடராசனே பின்னாளில் எழுதிய ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ நூலுக்கு 2014-இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. அது சிரிக்கிற நூல். ஆனால் தமிழ் மனத்தில் நிலைத்தவள் ஆயிஷாதான்.

இராமானுஜன் கதையும் இதே அச்சில் வார்க்கப்பட்டே சொல்லப்படுகிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கு நீங்கலாகப் பிற பாடங்களில் தோற்றவர், நாமகிரித் தாயாரின் அருள் பெற்றவர், இங்கிலாந்துக் குளிரில் நலிந்து 1920-இல் 32 வயதில் மாண்டவர். பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். சென்னைத் துறைமுகக் கழகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இரவுகளில் சிலேட்டோடு அவர் அருகில் உட்கார்ந்து, அவர் தாவிச் சென்ற படிகளை நிறுத்தி நிறுத்திக் கேட்டவர் நாராயண ஐயர். துறைமுகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் அவருக்காகப் பரிந்து பேசியவரும் அவரே. ஹார்டிக்கு 1913-இல் கடிதம் போவதற்கு முன்பே இராமானுஜனுக்கு ஒரு ஜாக் கிடைத்திருந்தார். தமிழ் நினைவு அந்த ஜாக்கை அழித்துவிட்டுத் தாயாரை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆக, அமெரிக்க மேதைக்கு நீர்மூழ்கிக் கப்பல் கிடைக்கிறது. தமிழ் மேதைக்குப் பிரம்படியும் இரங்கற்பாவும் கிடைக்கின்றன. இரண்டுமே பிள்ளையைத் தனியாக நிறுத்துபவை. ஆங்கிலத் தொடர் ஒன்றை எடுத்து, ஆவாவுக்கு ஆதிரை என்றும் மேட்டுக்கு மதி என்றும் பெயர் மாற்றி, அண்டார்க்டிகாவை அப்படியே விட்டுவைத்தால் தமிழில் இளம் மேதைத் தொடர் உருவாகிவிடும் என்று நம்பும் பதிப்பாளர்கள், இந்த வேறுபாட்டையும் ஒற்றுமையையும் கவனிக்காமல் கடக்கிறார்கள்.

லிங்கராஜபுரத்துக்குத் திரும்பினால் இடர்ப்பாடு இன்னும் தெளிவாகும். முதல் நூலின் பொருள் குடிநீர். அண்டார்க்டிகாவுக்குப் போகாமலே அப்பொருளைச் சந்திக்கக்கூடிய இடம் பெங்களூரு. நகரத்துக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று கட்டங்களாக மேலேற்றப்படுகிறது. பாயும் இயல்புடைய ஆற்றை மலையேறச் செய்து குடிக்கும் ஊர் அது. லிங்கராஜபுரத்துக்கு வடக்கே எச்.பி.ஆர். லேஅவுட் இருக்கும் நிலத்தில் முன்பு ஹென்னூர் ஏரி இருந்தது. ஏரி வீட்டுமனை ஆனது. மனைக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். 2024 மார்ச்சில் நகரின் சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக மாநிலத் துணை முதல்வர் அறிவித்தார். தண்ணீர் லாரிக்காகக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருப் பிள்ளைக்கு, குடிநீர் வடிக்கும் கருவி பற்றிய கதை சுவையாக இருக்கும், ஐயமில்லை. அந்தப் பிள்ளை அறிந்த தண்ணீர்ப் பிரச்சினை மட்டும் அதில் இருக்காது.

அந்தப் பிள்ளை அறிந்த பிரச்சினைக்கு மொழி உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 1991 ஜூனில் வந்தது. டிசம்பரில் பெங்களூருவில் தமிழர் மீது வன்முறை நிகழ்ந்தது. குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடின. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தன. அந்த நாள்களில் வாசலில் தமிழில் உரக்கப் பேச வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது வீடுகளின் தற்காப்பு. நான்கு மொழி பேசும் பிள்ளைக்கு எந்த நேரத்தில் எந்த மொழியை அடக்க வேண்டும் என்பதும் தெரியும். அதற்கு எந்தப் பள்ளியிலும் மதிப்பெண் இல்லை.

2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தபோது, கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டி.எம்.சி. ஒதுக்கியது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீருக்கு. அந்த 14.75 டி.எம்.சி. தமிழ்நாட்டின் பங்கிலிருந்து குறைந்தது. லிங்கராஜபுரத்துப் பிள்ளைக்குத் திருவாரூர்ப் பக்கம் ஒரு தாத்தா இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளை குடிக்கும் தண்ணீரும் தாத்தாவின் வயலுக்கு வராத தண்ணீரும் ஒரே தீர்ப்பின் ஒரே எண்ணுக்குள் அடங்கியவை. இதைவிடக் கூர்மையான கதைமுடிச்சு எந்தச் சிறார் எழுத்தாளருக்குக் கிடைக்கும்? இதற்கு எந்தக் கருவியைக் கண்டுபிடிப்பார்கள் ஆவாவும் மேட்டும்?

இளம் மேதை வகையின் மீது வைக்கத்தக்க முதன்மையான குறை இதுவே. உலகின் பிரச்சினைகள் எல்லாம் இன்னும் கண்டுபிடிக்கப்படாத கருவிகளின் இல்லாமையால் வந்தவை என்று அது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சில அப்படி வந்தவைதாம். பெரும்பாலானவை, இருப்பதை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதில் மனிதர்கள் உடன்படாததால் வந்தவை. அங்கே தேவைப்படுகிறவன், இரு பக்கத்து மொழியும் தெரிந்து, கேட்கத் தெரிந்த ஜாக்.

இதே நகரத்தில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சியையும் இங்கே சொல்லலாம். அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் துணியாலும் தகரத்தாலும் மூடிக் கிடந்தது. பொது இடத்தில் கட்டிவைக்கப்பட்ட மர்ம உருவம் ஒன்று, அதைச் சுற்றி ஒரு நகரம் முழுக்கத் தயக்கம். பிளைட்டனுக்குக் கிடைத்திருந்தால் மூன்று நூல் எழுதியிருப்பார். 2009 ஆகஸ்ட் 9-இல் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில முதல்வர்களும் இரு விழாக்களிலும் கலந்துகொண்டார்கள். சிக்கல் தீர்ந்த விதம், எந்த மேதைக்கும் தோன்றாத அளவுக்கு எளியது: ஒன்றைக் கொடு, ஒன்றை வாங்கு. தமிழிலோ கன்னடத்திலோ இதை வைத்து ஒரு சிறார் சாகசக் கதை எழுதப்படாமல் கிடப்பது வீணடிப்பு.

‘இளம் மேதை’ என்ற சொல் செய்தித்தாள்களில் புழங்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், பள்ளி மாணவியாக இருந்தபோதே சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-இல் சுவீடனின் சிறார் காலநிலைப் பரிசு, 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று, அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடை. ஊடகங்கள் மேடையையும் வயதையும் எழுதின. உண்மையில் எழுதப்பட வேண்டியது அதற்கு முன் நடந்த ஒரு சிறு செயல்: தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்து தணிந்த கரியைக் கொட்டுவதை ஒரு சிறுமி நின்று பார்த்தாள். ஒரு நாளைக்கு எவ்வளவு கரி, அது எங்கிருந்து வருகிறது, புகை எங்கே போகிறது என்று கணக்குப் போட்டாள். பிறகு தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள் சேர்ந்து மாதிரி வண்டியை உருவாக்கினார்கள். ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் இஸ்திரி போடலாம் என்பது அதன் கணக்கு.

லிங்கராஜபுரத்தின் தெருமுனைகளிலும் இஸ்திரி வண்டிகள் நிற்கின்றன. கரியின் சூட்டையும் சட்டைக்கு வாங்கும் கூலியையும் அறிந்த பிள்ளைகள் அங்கே உண்டு. ஒரு நல்ல சாகசத் தொடர் அவர்களைக் கொண்டு அடுத்த கேள்விகளைக் கேட்கச் செய்யும். புது வண்டியின் விலை எத்தனை சட்டைகளின் கூலி? மழைக்காலத்தில் என்ன செய்வது? குறுகிய சந்தில், மர நிழலில்தான் நிற்க முடியும் என்றால் சூரியத் தகடு எதற்கு? இக்கேள்விகள் வினிஷாவின் ஆக்கத்தைச் சிறுமைப்படுத்துபவை அல்ல. அவர் தொடங்கிய வேலையைத் தொடர்பவை. ‘மேதை’ என்று முத்திரை குத்திக் கதையை மூடும்போது, இவற்றைக் கேட்க வேண்டிய பிள்ளைகள் கைதட்டும் கூட்டமாகிவிடுகிறார்கள்.

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கின் பெயரோடு வந்த ‘கலாம்சாட்’ செய்தியும் அப்படியே ஆயிற்று. 64 கிராம் எடையுள்ள அந்தச் சிறு செயற்கைக்கோள் 2017 ஜூனில் அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து ஆய்வு ராக்கெட்டில் ஏறிச் சில நிமிடங்கள் விண்ணைத் தொட்டு இறங்கியது. ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் வேலை அது. தலைப்புகளில் ஒரு பையன் மட்டும் நின்றான். ராக்கெட்டும் சுற்றுப்பாதைக்குப் போனதாகவே பலர் இன்றுவரை நம்புகிறார்கள். குழுவை மறந்த செய்தி, அறிவியலையும் சேர்த்தே தவறவிட்டது.

குழுவாகப் பிள்ளைகள் அறிவியல் செய்யும் ஏற்பாடு இந்நாட்டில் 1993 முதல் நடந்துகொண்டிருக்கிறது என்பது இவ்விவாதத்தில் பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், ஒரு வழிகாட்டியின் துணையோடு, தங்கள் ஊரின் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, தங்கள் மொழியிலேயே அறிக்கை எழுதுகிறார்கள். மாவட்டம், மாநிலம், நாடு என்று மேலே போகிறார்கள். கிணற்று நீரின் உப்பு, சத்துணவில் மிஞ்சும் சோறு, தெருக்குழாயில் சொட்டும் தண்ணீர் போன்றவை அவர்களின் ஆய்வுப் பொருள்கள். தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்திவந்திருக்கிறது. அதன் ‘துளிர்’ இதழ் சிறாருக்கானது. கர்நாடகத்தில் அப்பணி கர்நாடக ராஜ்ய விஞ்ஞான பரிஷத்துடையது. மாநாட்டில் பங்கேற்ற பிள்ளைகள் ஒருவரும் மேதை என்று அழைக்கப்பட்டதில்லை. அவர்களைப் பற்றிச் சாகசத் தொடரும் இல்லை.

இதைக் கேட்டவுடன் எழக்கூடிய மறுப்பு நியாயமானது. தெருக்குழாயில் சொட்டும் தண்ணீரைப் பற்றி எந்தப் பிள்ளை கதை படிக்கும்? சாகசம் என்றால் பனிமலை வேண்டும், துரத்தல் வேண்டும், இரவில் யாரோ கதவைத் தட்ட வேண்டும். பிள்ளைக்குத் தன்னைவிடப் பெரியவனாகக் கனவு காணும் உரிமை உண்டு. அதைப் பறித்துக்கொண்டு சமூக அறிவியல் பாடத்தைக் கையில் திணிப்பது கொடுமை. தமிழ்ச் சிறார் எழுத்தின் பழைய நோயும் அதுதான். எத்தனையோ நல்ல கதைகள் கடைசிப் பக்கத்தில் அறிவுரை சொல்லிச் செத்திருக்கின்றன. மரம் நடுவோம் என்று பாத்திரங்கள் கோரஸ் பாடும் கதைகளைப் பிள்ளைகள் படிப்பதில்லை, பரிசுக் குழுக்கள் மட்டுமே படிக்கின்றன.

ஆகவே சாகசத்தை நீக்கிவிட வேண்டும் என்பது இங்கே சொல்லப்படுவது அன்று. லிங்கராஜபுரத்தில் சாகசத்துக்கு என்ன குறை? மேம்பாலத்துக்குக் கீழே ரயில் பாதை இருக்கிறது. மூடப்பட்ட மழைநீர்க் கால்வாய்கள் வீடுகளுக்கு அடியில் ஓடி எங்கோ வெளிப்படுகின்றன. எந்த நேரம் வருமென்று தெரியாத தண்ணீர் லாரி நள்ளிரவில் வந்து நிற்கிறது. அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று லாரியைப் பின்தொடர்ந்து போகும் நான்கு பிள்ளைகளுக்கு நடக்கக்கூடிய ஆபத்துகளைக் கற்பனை செய்ய அதிக முயற்சி வேண்டாம். நான்கு பேரில் ஒருத்தி சக்கர நாற்காலியில் வருபவளாகவும் இருக்கலாம், என். எஸ். ஹேமா 1959-இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம் லிங்கராஜபுரத்தில்தான் இயங்குகிறது, அதன் பள்ளியில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். தரையின் ஏற்ற இறக்கத்தை அவளைப் போல் அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் கண்டுபிடிக்க அதுவே தேவை.

மொழிச் சிக்கல் ஒன்று எஞ்சுகிறது, அதுவே பெரியது. இத்தொடரை எந்தத் தமிழில் எழுதுவது? பெங்களூருத் தமிழில் கன்னடம் கலந்திருக்கிறது, உருது கலந்திருக்கிறது. ‘ஸ்வல்பம்’ என்று சொல்வதைக் கேட்டுச் சென்னைக்காரர் சிரிப்பார். தமிழ்ச் சிறார் நூல்கள் அத்தமிழை அரிதாகவே பக்கத்தில் ஏற்றியிருக்கின்றன. மேலும் அந்தத் தமிழைப் பேசும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கற்பது கட்டாயம். அது நியாயமானதே, வாழும் மண்ணின் மொழியைக் கற்காமல் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் நட்டம். ஆங்கிலவழிப் பள்ளியில் கன்னடத்தோடு இன்னொரு மொழியை எடுக்கும்போது, தமிழ் அந்த வரிசையில் பின்னால் போய்விடுகிறது. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறது, கன்னடத்தில் எழுதுகிறது, தமிழில் கனவு காண்கிறது. கனவு காணும் மொழியில் அதற்கு ஒரு புத்தகமும் இல்லை. ஆகவே இத்தொடரின் முதல் நூல் உரக்க வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட வேண்டியிருக்கும். அம்மாவோ பாட்டியோ வாசிக்க வேண்டும். அல்லது ஒலிநூலாக வர வேண்டும். அச்சு பிறகு வரலாம்.

கதைக்குள் இந்தக் கலப்பு மொழியைக் குறையாக மறைக்கத் தேவையில்லை, துப்பாகப் பயன்படுத்தலாம். தமிழில் ‘செவி’ என்பது கன்னடத்தில் ‘கிவி’. தமிழில் வயலைக் குறிக்கும் ‘செய்’, பழங்கன்னடத்தில் ‘கெய்’. இகர, எகரங்களுக்கு முன் வந்த பழைய ககரத்தைக் கன்னடம் காத்துக்கொண்டது. தமிழ் அதைச் சகரமாக மாற்றிக்கொண்டது. மொழியியல் மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் விதி இது. லிங்கராஜபுரத்துப் பிள்ளை இதை விதியாக அறியாது. ஆனால் ஒரு மொழியின் ‘கி’ இன்னொன்றில் ‘செ’ ஆகும் என்பதை விளையாட்டாகவே ஊகித்துவிடும்.

லாரியைப் பின்தொடர்ந்த நால்வர், மழை பெய்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் ஒரு தெருவுக்கு வந்து சேர்கிறார்கள் என்று கொள்வோம். பழைய கன்னடப் பத்திரம் ஒன்றில் அவ்விடத்துக்கு ‘கெரெ’ என்று முடியும் பெயர் இருக்கிறது. ஏரி என்று கன்னடம் படிக்கும் தோழன் சொல்கிறான். தமிழ் மட்டும் அறிந்த பாட்டி, ஏரி என்று ஒன்று இருந்ததாகத் தமக்கு நினைவில்லை என்கிறார். அவர் சிறுமியாக இருந்தபோது அங்கே ஒரு ‘சிறை’ இருந்ததாம். சிறைச்சாலையா என்று மூன்று பேர் பயந்துபோகிறார்கள். நான்காவது பிள்ளை, நால்வரில் படிப்பில் கடைசி, “கிவி, செவி. கெரெ, சிறை” என்று முணுமுணுத்துப் பார்க்கிறது. சிறை என்றால் நீரைத் தடுத்து நிறுத்தும் கரை. கரை இருந்ததென்றால் மதகும் இருந்திருக்கும். மதகு எந்த வீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று தேட, அவர்கள் மழை வரும் இரவுக்காகக் காத்திருக்கிறார்கள்.